முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

சித்திரைப் பிறப்பை ஒட்டிய ஒரு நாளில் ராமேஸ்வரத்தில் ஒரு கம்பை நட்டு வைத்துவிட்டு, பகல் பன்னிரண்டே கால் வாக்கில் போய்ப் பாருங்கள். நிழல் எந்தப் பக்கமும் நீளாமல் கம்பின் அடியிலேயே கிடக்கும். ராமேஸ்வரம் தீவு வட அட்சரேகை 9.3 டிகிரியில் இருக்கிறது. சூரியன் வடக்கே ஏறும்போது சித்திரைத் தொடக்கத்தில் ஒருமுறை, தெற்கே திரும்பும்போது ஆவணியில் ஒருமுறை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு ரொம்ப தூரம் விலகுவதில்லை. பள்ளிக்கூடத்துப் புவியியல் பாடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கோடையில் கரண்ட் பில் ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உச்சியில் நிற்கிற வெயில் சுவரை அவ்வளவாகத் தொடாது. கூரை மேல்தான் கொட்டும். காலையில் கிழக்குச் சுவர், சாயங்காலம் மேற்குச் சுவர், நடுவில் பகல் முழுக்க மொட்டை மாடி. தெற்குச் சுவர் கோடையில் தப்பித்துவிடும். ஆனால் ஏசி வாங்கப் போனால் "ரூம் எத்தனைக்கு எத்தனை சார்?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அந்த அறைக்கு மேலே இன்னொரு மாடி இருக்கிறதா, வெறும் தளமா என்று கேட்ட கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் அண்ணன், கோயம்புத்தூர்ப் பக்கம் மில்களுக்கு எனர்ஜி ஆடிட் செய்கிறவர். 2001ஆம் ஆண்டு எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெரிய ஆலைகள் குறிப்பிட்ட இடைவெளியில் ஆடிட் செய்தே ஆக வேண்டும். அதற்கென்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள் இருக்கிறார்கள். வீடுகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கட்டாயம் இல்லாததால் கேட்பாரும் இல்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் 'வீட்டுக்கு எனர்ஜி ஆடிட்' என்று சொன்னால் வருமான வரித்துறை சமாச்சாரம் என்று நினைத்துப் பதறுகிறவர்கள்தான் அதிகம். ஒரு காதுகுத்துக்கு வந்த மச்சானை நான்தான் பிடித்து வைத்துக்கொண்டேன். எங்கள் வீடு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில். வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் கூப்பிடு தூரம். காற்று உண்டு, உப்பும் உண்டு.

அவர் முதலில் கேட்டது இ.பி. வெள்ளை அட்டையை. புரட்டிப் பார்த்துவிட்டு, ஏசி இருக்கிற அறைக்குப் போவார் என்று பார்த்தால், செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார். பகல் இரண்டு மணி. கையிலிருந்த ஐ.ஆர். தெர்மாமீட்டரைத் தட்டோட்டின் மேல் காட்டினார். 58 டிகிரி. சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ராத்திரி எட்டு மணிக்குப் படுக்கையறைக்குள் நின்று அதே கருவியை மேலே காட்டினார். உள்கூரை 38. வெளியே காற்று அப்போது 31தான்.

"மாப்ள, உங்க ஏசி காத்தக் குளுர வைக்கல. இந்தத் தளத்தக் குளுர வைக்கப் பாடுபடுது. நூத்தியிருபது சதுர அடி ரூமுக்கு மேல அஞ்சு இஞ்சு காங்கிரீட்டுன்னா மூணு டன்னுக்கு மேல எடை. பகலெல்லாம் வெயிலக் குடிச்சிட்டு, நீங்க படுக்கப் போற நேரத்துக்குக் கக்குது."

திண்ணையிலிருந்து அப்பத்தா குரல் கொடுத்தாள். "ஏய்யா, ஓலக் கூரையில இருந்தப்ப இந்த வேக்காடு இல்லையே!"

அப்பத்தா சொன்னதில் கணக்கு இருக்கிறது. நம் மாவட்டத்தில் வெயிலுக்கு இரண்டு பழைய விடைகள் உண்டு. ஒன்று, ராமநாதபுரம் அரண்மனையில் கிழவன் சேதுபதி காலத்து ராமலிங்க விலாசம் மாதிரியான கனத்த சுவர்க் கட்டடம். கீழக்கரைப் பழைய வீடுகளும், ராமேஸ்வரம் மசூதித் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த செங்கல் சுண்ணாம்பு வீடும் கடலோரத்தில் இருந்தாலும் அந்த வகைதான். கனத்த சுவர் பகல் சூட்டை உள்ளே விடாமல் இழுத்தடிக்கும். இரவு குளிர்ந்தால் அந்தச் சூட்டை வெளியே விட்டுவிடும். இன்னொன்று, கடற்கரைப் பனையோலைக் குடிசை. கடலோரத்தில் இரவு குளிர்வதே அபூர்வம், கடல் விடாது. அங்கே கனத்த சுவர் கட்டினாலும் அது தேக்கிய சூட்டைக் கொண்டுபோய்ப் போட இடம் கிடைக்காது. அதனால் சூட்டைத் தேக்கவே செய்யாத ஓலை. பகலில் நிழல், பொழுது சாய்ந்தால் தானும் ஆறிவிடும். கட்டடக் கலைஞர்கள் இதை வறண்ட வெப்பப் பகுதி, ஈர வெப்பப் பகுதி என்று பிரித்துப் பேசுகிறார்கள். கமுதி, பரமக்குடிப் பக்கத்து வெயிலும் பாம்பன் வெயிலும் ஒரே மாவட்டத்து வெயில்தான்; குணம் வேறு.

இன்றைய காங்கிரீட் பெட்டி இந்த இரண்டிலும் சேராது. இரவு தாண்டும்வரை சூட்டை நிறுத்தி வைக்கும் கனமும் இல்லை, சீக்கிரம் ஆறிவிடும் இலேசும் இல்லை. சரியாகப் பாய் போடும் நேரத்துக்குச் சூட்டை இறக்குகிற கனத்தில் வந்து நிற்கிறது.

இதைச் சொன்னதும் 'பழமைக்குத் திரும்புவோம்' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களுக்கு ஒரு தகவல். கடலோரத்துப் பழைய கட்டடங்களுக்கான சுண்ணாம்பில் கணிசமான பங்கு மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையை வெட்டி, சூளையில் சுட்டு எடுத்தது. 1986இல் அந்த வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. இனி அதைத் தொட முடியாது, தொடவும் கூடாது. ஓலைக் கூரையோ 1964 டிசம்பர் புயலையும் 2018 கஜாவையும் பார்த்த கடற்கரைக்காரர்களிடம் விலை போகாது. அப்பத்தாவே வேக்காட்டைத் திட்டுவாளே தவிர, மறுபடி ஓலைக்குள் போகச் சொன்னால் போக மாட்டாள். காங்கிரீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் நம் முன்னால் இருக்கிற வேலை.

வெளிநாட்டு வீட்டு ஆடிட் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் பெரிய ஃபேன் ஒன்றை மாட்டி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எந்த இடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழைகிறது என்று தேடுவார்கள். இடுக்கையெல்லாம் அடைப்பதுதான் அங்கே முதல் சிகிச்சை. அதை அப்படியே இங்கே செய்தால் வீட்டுக்குள் அவிந்து போவோம். மச்சான் தேடியது அடைக்க வேண்டிய ஓட்டையை அல்ல, திறக்காத ஜன்னலை.

உப்புக் காற்றில் இரும்பு ஜன்னல் தாங்காது என்பதால் இப்போது எல்லோரும் யூ.பி.வி.சி. அல்லது அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலுக்கு மாறிவிட்டோம். பார்க்க அழகு, துருவும் இல்லை. ஆனால் இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, நம்மைப் போன்ற ஈர வெப்பப் பகுதியில் திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பெரிய குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதிய விதிதான், என்றாலும் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் ஒன்று வைத்திருந்தால் கிடைப்பது எட்டுதான். அதிலும் கொசுவலை ஒரு பங்கைத் தின்றுவிடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தென்மேற்கில் காற்று முட்டிக்கொண்டு நிற்க, உள்ளே ஃபேனுக்கு அடியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அப்புறம் வாளிக் கணக்கு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஏசி தண்ணீரை வாளியில் பிடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. தரை துடைக்க, செடிக்கு ஊற்ற. (யூ.பி.எஸ். பேட்டரியிலும் ஊற்றுகிறார்கள், காயிலின் அழுக்கும் உலோகமும் கரைந்த தண்ணீர் அது, பேட்டரிக்கு ஆகாது.) அந்த வாளிதான் உங்கள் வீட்டு ஆடிட் கருவி. காற்றிலிருக்கும் ஈரம் ஒரு லிட்டர் தண்ணீராக மாறுவதற்கு ஏசி ஏறக்குறைய 0.68 யூனிட் அளவு வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். நல்ல ஏசி ஒரு யூனிட் கரண்டில் மூன்றரை யூனிட் வெப்பத்தைத் தள்ளும் என்று வைத்தால், லிட்டருக்கு 0.2 யூனிட் கரண்ட். ராத்திரி முழுக்கப் பத்து லிட்டர் பிடித்தீர்களானால், குளிர்ச்சிக் கணக்கு தனி. வெறும் ஈரம் காயவைக்க மட்டும் இரண்டு யூனிட். கதவிடுக்கு வழியாகவும் ஏசி பைப் போகிற ஓட்டை வழியாகவும் கடல் காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் வாளி நிறைந்துகொண்டே இருக்கும். ஏசி ஓடுகிற அந்த ஒரு அறைக்கு மட்டும் வெள்ளைக்காரன் சொல்கிற அடைப்பு வேலை சரி. மற்ற அறைகளுக்கு வேண்டாம்.

இதே ஈரத்தால்தான் கடற்கரையில் ஏர் கூலர் தண்டம். கூலர் வேலை செய்வது தண்ணீர் ஆவியாவதால். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது எங்கே ஆவியாகும்? பரமக்குடியில் தங்கச்சி வீட்டில் சுகமாக இருந்ததே என்று பார்த்து ராமேஸ்வரத்தில் வாங்கி வைத்தால், புழுக்கத்துக்கு மேல் புழுக்கம்தான் மிஞ்சும்.

ஃபேனுக்கு வருவோம். மீட்டரில் சிவப்பாக மின்னும் ஒரு சின்ன விளக்கைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் போடுங்கள். இரண்டு மின்னலுக்கு இடையில் எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். 1125ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட்ஸ் கிடைத்துவிடும். பதினைந்து வினாடி என்றால் 75 வாட்ஸ். அது பழைய ஃபேன். பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் நாற்பது வினாடி வரை பொறுமை வேண்டும், ஏனென்றால் அது எடுப்பது 28 வாட்ஸ் சுற்றுவட்டாரம்தான். இந்தியாவில் முதன்முதலில் இந்த வகை சீலிங் ஃபேனை 2012இல் சந்தைக்குக் கொண்டுவந்தது நம் கோயம்புத்தூர்க் கம்பெனிதான். சூப்பர்ஃபேன் என்று பெயர். நம் ஊரில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் இரவும் பகலும் ஃபேன் ஓடுகிறது. பதினாறு மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாத பில்லில் 45 யூனிட் குறையும். வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது, கரண்ட் போனால் யூ.பி.எஸ்.ஸும் கூடுதல் நேரம் தாங்கும். மச்சான் எங்கள் வீட்டில் உடனே செலவு செய்யச் சொன்ன முதல் பொருள் இது.

அதே முறையில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் மின்னினால், செட்டாப் பாக்ஸையும் யூ.பி.எஸ்.ஸையும் பாருங்கள். டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் செட்டாப் பாக்ஸ் தூங்குகிற மாதிரி நடிக்கும், அவ்வளவுதான்.

யூனிட்டில் ஏன் இவ்வளவு கறார் என்றால், நம் மின்வாரியக் கட்டணத்தில் 500 என்ற கோட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணைப்படி கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதற்குப் பிறகு விகிதங்கள் கொஞ்சம் ஏறின, அமைப்பு அதேதான். இரண்டு மாதத்துக்கு 490 யூனிட் ஓடினால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2 ரூபாய் 25 காசு, அடுத்த இருநூறு 4 ரூபாய் 50 காசு, மிச்சம் 6 ரூபாய். மொத்தம் 1665 ரூபாய். 510 ஓடினால், ஐநூறுக்கு மேல் போன பத்துக்கு 8 ரூபாய் ஆவதோடு, இரண்டாவது நூறும் 4 ரூபாய் 50 காசுக்குத் தாவிவிடும், மொத்தம் 2030. இருபது யூனிட்டுக்கு 365 ரூபாய். ஒரு ஃபேனை மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் வெள்ளை அட்டையை எடுத்து, கோடை மாதங்களில் இந்தக் கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்று பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

ஏசி பற்றி இரண்டே வார்த்தை. ஸ்டார் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் வருடாந்திர யூனிட், ஏசி 1600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. ராத்திரி எட்டு மணி நேரமென்றால் 200 நாள். நம் கடற்கரையில் அதோடு நிறுத்துகிறவர் யார்? ஆகவே ஸ்டிக்கரில் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் நமக்கு ஆகும். ஐந்து ஸ்டாருக்குக் கொடுக்கும் கூடுதல் விலையும் அதே காரணத்தால் சீக்கிரம் திரும்பி வரும். 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் 24 டிகிரியில் தொடங்குகின்றன. அதை 27க்கு ஏற்றி ஃபேனையும் மெல்ல ஓடவிட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. டிகிரிக்கு ஆறு சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. ஆனால் அவுட்டோர் யூனிட் கடலைப் பார்த்து நின்றால் இதெல்லாம் வீண். உப்பு படிந்து அலுமினியத் தகடுகள் பொடியாக உதிர ஆரம்பித்தால் சூடு வெளியேறாது, கம்ப்ரஸர் திணறும். காற்று நேராக அடிக்காத பக்கத்தில், நிழலில் மாட்டி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார் மச்சான். போர்த் தண்ணீரில் கழுவினால் அதுவும் உப்பு.

சோலாரைப் பற்றிக் கேட்பீர்கள். 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது உலகமே நம் மாவட்டத்து வெயிலைத் திரும்பிப் பார்த்தது. அதே வெயில் நம் மாடியில் படுக்கையறையைத்தான் வேகவைக்கிறது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பேனல் போட்டால் கரண்ட் மட்டுமல்ல, நிழலும் கிடைக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், பேனலுக்கு அடியில் கூரைக்குச் சேரும் வெப்பம் 38 சதவீதம் குறைந்திருந்தது. கடற்கரைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பேனலுக்கு ஐ.இ.சி. 61701 என்ற உப்புக்காற்றுச் சோதனைச் சான்று இருக்கிறதா? தாங்கு சட்டம் கால்வனைஸ் செய்ததா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற ஏஜென்டை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

எங்கள் மாடியில் என்ன செய்தோம்? முதலில் ஒழுகும் விரிசல்களை அடைத்தோம். தட்டோட்டைக் கழுவி, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு கோட் அடித்தோம். பக்கத்து மாடி வீட்டு அண்ணனுக்குக் கண் கூசுகிறதாம். அந்தப் புகார் நியாயமானதுதான், அவர் ஜன்னலுக்கு ஒரு பாய்த்திரை வாங்கிக் கொடுத்தாயிற்று. வத்தல் காயவைக்க மட்டும் ஒரு மூலையைப் பூசாமல் விட்டோம், அப்பத்தா உத்தரவு. அடுத்து அளந்தபோது இரவு எட்டு மணிக்கு உள்கூரை 34. கடற்கரையில் இந்தப் பூச்சு உப்பும் தூசியும் பாசியும் சேர்ந்து மங்கிவிடும். வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் தேய்த்துக் கழுவ வேண்டும். மேற்குச் சுவருக்குப் பூவரசு வைத்திருக்கிறோம். உப்புக்கு அஞ்சாத மரம். இந்த மாவட்டத்தில் தானே வளர்ந்து நிற்பது பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான், அதை வீட்டோரம் விட எனக்கு மனமில்லை.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இன்னும் வழிகள் உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செய்ததுபோல் தளத்துக்குள் மங்களூர் ஓடுகளை வைத்து வார்க்கலாம், காங்கிரீட்டும் குறையும். தளத்தின் மேல் மண் சட்டிகளைக் கவிழ்த்து வைத்துச் சுண்ணாம்புக் கலவை போடுவது பழைய முறை. சட்டிக்கு மானாமதுரை நமக்குப் பக்கம்தான்.

கடைசியாக ஒன்று. கரண்ட் பில்லை வைத்து ஆடிட் பார்த்தால் நம் மாவட்டத்தில் நிறைய வீடுகள் கண்ணிலேயே படாது. நூறு யூனிட் இலவசத்துக்குள் ஒரு ஃபேனும் இரண்டு லைட்டுமாக இருக்கிற வீட்டுக்கு பில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே வேகிறவர்கள் எத்தனை பேர்! 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசைக்குப் பதிலாக 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்ச ரூபாய். பெரும்பகுதிக்குக் காங்கிரீட் தளம். ஒழுகாத, பறக்காத கூரை கிடைக்கிறது, நல்ல திட்டம். ஆனால் ஓலையிலிருந்து காங்கிரீட்டுக்கு வருகிற குடும்பத்துக்கு வேக்காடும் சேர்ந்தே வருகிறது, அவர்களால் ஏசி போட முடியாது. தெலங்கானா 2023இலேயே குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை அறிவித்துவிட்டது. இங்கேயும் அந்த மூன்றரை லட்ச மதிப்பீட்டிலேயே தளத்துக்கு வெள்ளைப் பூச்சையும் சேர்க்க வேண்டும். உங்கள் ஊரில் கனவு இல்லம் கட்டுகிறவர்கள் இருந்தால், அடுத்த கிராமசபையில் எழுந்து இதைக் கேளுங்கள். கேட்டும் நடக்கவில்லையென்றால் நாலு பேர் சேர்ந்து சுண்ணாம்பும் மட்டையும் வாங்கிக்கொண்டு அந்த மாடிகளுக்கு ஏறுங்கள்.